நீலப் பெயின்ட்டுக்கு அடியில்

எந்த வண்டி வந்தாலும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் கை வைக்கமாட்டாள் என்பதால், அந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தெருவே மீட்டரக்கா என்றுதான் கூப்பிடும். வயது நாற்பத்து மூன்று. ஆறு வருடமாக அவள் ஒரே ஒரு ஆளைக் கறுவிக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்த அண்ணனை. மன்னித்து விடேன் என்று அம்மா போனில் அழும்போதெல்லாம் சரிம்மா என்பாள். போனை வைத்ததும் பல்லை நறநறவென்று கடிப்பாள்.

கடிக்கமாட்டாளா பின்னே? அண்ணனின் மெக்கானிக் பட்டறையில் ஒயரிங் வேலை முழுக்க அவள்தான் பார்த்தாள். பால்காரரின் பழைய பிக்கப் வண்டிக்குப் புது பெட்ரோல் பம்பு மாட்டினார்கள்; ஒயரை அவள் இழுத்தாள், போல்ட்டுகளை அண்ணன் முறுக்கினான். டாங்குக்குள்ளேயே உட்கார்ந்து கரண்டில் ஓடுகிற பம்பு. மூன்றாம் நாளே வண்டி நடுரோட்டில் நின்று, ஏற்றியிருந்த பால் அத்தனையும் திரிந்துபோனது. பால்காரர் வந்து காட்டுக்கத்தல் கத்தினார். எர்த்தைப் பார்க்கணும்ணே என்று அவள் வாயெடுத்ததுதான் தாமதம், அண்ணன் பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டான்.

"மீட்டர் படிக்கக்கூடத் தெரியாதவள வேலைக்கு வச்சது என் தப்புங்க."

பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அன்றைக்கே அவளை வெளியே அனுப்பினான். ஒரு வருடம் ஒருத்தரும் அவளிடம் வண்டி விடவில்லை. பாலைத் திரிய வைத்தவள் என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, ஒரு மீட்டர் என்று ஆரம்பித்து, ஹாரன், இண்டிகேட்டர் என்று உதிரி வேலைகளைச் செய்தே நிமிர்ந்தாள். தெருவில் எல்லோரும் பழையதை மறந்தாயிற்று. பால்காரர் மட்டும் அவள் கடையைத் தாண்டும்போது இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வரவேண்டும், அதுவும் அண்ணன் எதிரிலேயே வரவேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆசை.

ஒரு மத்தியானம், கடைகளெல்லாம் சாப்பாட்டுக்குப் பாதி ஷட்டர் இறக்கியிருந்த நேரத்தில், அதே பிக்கப் இருமி இருமி வந்து அவள் வாசலில் நின்றது. ஓட்டி வந்தவன் அண்ணன். இந்த ஆறு வருடத்தில் பம்பை மூன்று தடவை மாற்றிவிட்டானாம். ஃப்யூஸ், ரிலே எல்லாம் புதுசாம். இனி ஒரு தடவை நின்றால் தன் நாலு வண்டிகளையும் வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று பால்காரர் சொல்லிவிட்டாராம்.

"பாப்பா, யாருக்கும் தெரிய வேணாம். கொஞ்சம் பாத்துக் குடு."

"உக்காருங்க" என்றாள். பிறந்ததிலிருந்து அவனை நீ என்று கூப்பிட்டவள். கஸ்டமரிடம் பேசுகிற நீங்க அது.

எப்படி செக் பண்ணினீர்கள் என்று கேட்டாள். பம்பு சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்தானாம், பன்னிரண்டு வோல்ட் முழுசாக வந்ததாம். அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கழற்றிய சாக்கெட் யாருக்குத்தான் பன்னிரண்டு காட்டாது? பம்பு கரண்டை இழுக்கும்போதல்லவா ஒயரின் யோக்கியதை தெரியும்!

அவனைப் பெஞ்சிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். சாக்கெட்டை மாட்டியபடியே பின்பக்கமாக இரண்டு ஊக்கைச் செருகி, பம்பை ஓடவிட்டு அளந்தாள். எட்டு வோல்ட். மீதி நாலும் எர்த் பக்கம் தொலைந்துகொண்டிருந்தது. எர்த் ஒயரை வண்டியின் இரும்போடு சேர்க்கிற போல்ட்டைத் தேடிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒயரின் வளையத்துக்கு அடியில் தடிமனாக நீலப் பெயின்ட், அதைச் சுற்றித் துரு. ஆறு வருடத்துக்கு முன், பம்பு மாட்டும்போது வண்டிக்கு அண்ணன் தன் கைப்பட அடித்த நீலம். கரண்டை விடாத பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறான், புண்ணியவான்.

போல்ட்டை அவள் தொடவில்லை. ஒரு தனி ஒயரைப் பம்பின் எர்த்திலிருந்து பேட்டரிக்குக் கிளிப் போட்டாள். முனகிக்கொண்டிருந்த பம்பு கணீரென்று ஓடியது. அண்ணன் துள்ளி எழுந்தான்.

"எங்க இருந்துச்சு கோளாறு?"

"பால்காரரக் கூப்பிடுங்க. அவர் முன்னாடி காட்டுறேன்."

குடும்ப விஷயத்தை எதற்குக் கிளறுகிறாய் என்று ஆரம்பித்தான். அவள் கிளிப்பை எடுத்தாள். பம்பு மறுபடி முனகியது. நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிக் கையைத் துடைத்தாள்.

வாசலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் போனை எடுத்தான். எங்கே வரணும் என்று பால்காரர் கேட்டிருக்க வேண்டும்.

"என்... தங்கச்சி கடைக்கு."

"எலக்ட்ரீஷியன் கடைன்னு சொல்லுங்க."

சொன்னான்.

பால்காரர் வருவதற்குள் ஷட்டர்கள் ஏறிவிட்டன. டீக்கடை ஆட்கள்கூட வந்து நின்றார்கள். மீட்டரை அண்ணன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். கழற்றிய சாக்கெட்டில் பன்னிரண்டு. மாட்டி ஓடவிட்டால் எட்டு. பிறகு அவள் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டினாள். நீலத் துணுக்குகள் கீழே உதிர்ந்தன. பால்காரர் ஒன்றை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"இது நீ அடிச்ச பெயின்ட்டுதானய்யா?"

"ஆமாங்க" என்றான் அண்ணன். "எர்த்தப் பாக்கணும்னு இவ அன்னைக்கே சொன்னா. நாந்தான் கேக்கல."

பால்காரர் அவள் பக்கம் திரும்பி, "தப்பா நெனச்சுட்டேம்மா" என்றார். அவள் போல்ட்டை இறுக்கிப் பம்பை ஓடவிட்டு, மீட்டரை மறுபடி அண்ணனிடம் நீட்டினாள்.

"பன்னெண்டு" என்று முணுமுணுத்தான்.

"சத்தமாப் படிங்க. கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

படித்தான்.