கலகெதரவில் பிறந்த கன்று

கண்டிக்கு மேற்படிப்புக்கு வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு வருடம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்திருந்தேன். இலங்கையிலும் தமிழ் பேசுகிறார்களே, பிறகென்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் பெட்டியைக் கட்டினேன்.

முதல் நாளே அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. விடுதியில் என் அறைத்தோழி யாழ்ப்பாணத்துப் பெண். கதவைத் திறந்தவுடன், "வாங்கோ, பெட்டியை அந்தக் கதிரையில வையுங்கோ. நான் குளிச்சிட்டு வாறன், பேந்து கதைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதிரை என்றால் நாற்காலி, பேந்து என்றால் பிறகு, கதைப்பது என்றால் பேசுவது என்று அவள் திரும்பி வந்து விளக்கும்வரை பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வெளியே போனபோது சிரிப்பு வரவில்லை. எங்கள் கல்லூரியின் நடமாடும் சிகிச்சை வண்டி வாரத்தில் மூன்று நாள் சுற்றுக் கிராமங்களுக்குப் போகும். மாடு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள். முதல் வாரம், தீனி எடுக்காத ஒரு பசுவைப் பார்க்கப் போனோம். எத்தனை நாளாக, என்ன தின்றது, சினையா என்று எதையும் என்னால் கேட்க முடியவில்லை. வண்டியில் ஏறியதும், எங்களை அழைத்துப்போன பேராசிரியை ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "உங்கள் கைக்கு வேலை தெரிகிறது. ஆனால் சொந்தக்காரரோடு பேசத் தெரியாதவரிடம் மாட்டை ஒப்படைக்க மாட்டேன். அதுவரை மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

ஊரில் டாக்டரம்மா. இங்கே ஊசி எடுத்துக் கொடுக்கிற ஆள். அவமானத்தில் இரண்டு நாள் மருந்துப் பெட்டியையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வண்டி ஓட்டுபவர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்து வளர்ந்த தமிழர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே பேச்சைத் தொடங்கினார்.

"தெரிஞ்ச நாலு சிங்கள வார்த்தையக்கூட நீங்க பேச மாட்டேங்கிறீங்களே மிஸ்."

"தப்பாப் பேசிட்டா சிரிப்பாங்கண்ணே."

"சிரிச்சா என்ன? சிரிச்சுக்கிட்டே சரியானதச் சொல்லித் தருவாங்க."

மறுநாளிலிருந்து வாயைத் திறந்தேன். பஸ்ஸில், விடுதிச் சமையலறையில், கடைகளில் எல்லாம் உடைந்த சிங்களம்தான். கண்டிச் சந்தையில் காய்கறி கேட்க 'எளவலு' என்று சொல்வதற்குப் பதிலாக 'எளதென' என்று சொல்லி, அரைக் கிலோ பசுமாடு கேட்டேன். கடைக்காரப் பெண் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுச் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த இரண்டு சொற்களும் எனக்கு மறக்கவே இல்லை.

மூன்றாவது மாதம், மழைத்தூறல் விழுந்த ஒரு முற்பகலில், கலகெதரவிலிருந்து அழைப்பு வந்தது. தலையீற்றுப் பசு. காலையிலிருந்து முக்குகிறது, கன்றின் கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. போய்ப் பார்த்தால் கன்றின் தலை உள்ளே பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது. என்னோடு படித்த மாணவர் நல்ல உயரம், தடித்த கை. எவ்வளவு முயன்றும் அவர் கை அந்தச் சின்னப் பசுவுக்குள் தலைவரை எட்டவில்லை. மாட்டுக்காரப் பெண் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பேராசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கை மெலிந்தது என்று அவருக்குத் தெரியும். ஆனால், "முதலில் அவரிடம் பேசுங்கள்" என்றார்.

நான் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டேன். "பய வென்ன எப்பா, அம்மே." பயப்படாதீங்கம்மா. பனிக்குடம் எப்போது உடைந்தது, பசு கடைசியாக எப்போது எழுந்து நின்றது என்று கேட்டேன். வினைச்சொற்கள் எல்லாம் தாறுமாறாக விழுந்திருக்கும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எனக்கும் புரிந்தது! சுடுதண்ணீர் கேட்டேன். ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

சோப்பு நுரையைத் தோள்வரை பூசிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். பசு முக்குவதை நிறுத்திய இடைவெளியில் கன்றைப் பின்னுக்குத் தள்ளி, தாடையின் ஓரத்தில் விரல்களைக் கொக்கிபோல் மாட்டி இழுத்தேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை தலை திரும்பி நேரே வந்தது. கால்களில் கயிறு மாட்டி, பசு முக்கும்போதெல்லாம் "அதின்ன!" என்று கத்தினேன். இழு என்று அர்த்தம். உயரமான மாணவரும் வண்டி ஓட்டுபவரும் மாட்டுக்காரப் பெண்ணும் சேர்ந்து இழுத்தார்கள்.

கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. அசையவில்லை. மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோல் குச்சியை மூக்குத்துளையில் விட்டுக் கிளறினேன். நெஞ்சைத் தேய்த்தேன். திடீரென்று அது தலையை உதறி என் முகத்தில் தும்மியது. கொட்டகையே கூவியது. நான் சாணித்தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு வேகவேகமாக ஏதோ சொன்னாள். பாதிதான் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

அன்று மாலை நான் எழுதிய சிகிச்சை அறிக்கையைப் பேராசிரியை வாங்கி, சிகிச்சை அளித்தவர் என்ற இடத்தில் என் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து அதே ஊரிலிருந்து இன்னொருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். யாரை அனுப்ப வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை, பேராசிரியை எல்லோர் முன்னிலையிலும் அப்படியே ஒப்பித்தார்:

"சிங்களம் பேசத் தெரியாத அந்த மிஸ்ஸைத்தான்."

அறை முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.