ஏழாம் டேங்கின் பதில்

என் அக்காவின் கணவருக்குத் துறைமுகத்தில் ‘மூணு தட்டு’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். வீட்டில் பீரோவைப் பூட்டுவதற்கு முன்னால்கூட மூன்று தடவை தட்டிவிட்டு, காதைக் கதவில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

“உள்ள என் புடவைங்கதான் இருக்கு. அதுங்க பதில் சொல்லாது” என்பாள் அக்கா. அவர் நூறு வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் பூட்டுவார். ஆரம்பத்தில் நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

கச்சா எண்ணெயைக் கப்பலேற்றும் முனையத்தில் அவர் வால்வுக்காரர். சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பினால் கிணற்றிலிருந்து வரும் எண்ணெய், கப்பலுக்குப் போவதற்கு முன்னால், டேங்குக்குள் இறங்கும், மறுபக்கம் திருப்பினால் நிற்கும். காலியாகக் கிடந்த டேங்கைத் திறப்பதற்கு முன்னால் பித்தளை ஸ்பானரால் சுவரில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும் என்பது எங்கள் இடத்துப் பழைய வழக்கம். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு மூன்று தட்டுவான். நான் அங்கே கண்ட்ரோல் ரூம் கிளார்க். தலைமை அலுவலகம் போனில் சொல்வதை வாக்கி டாக்கியில் கத்துவதுதான் என் உத்தியோகம்.

தலைமை அலுவலகத்துக்குச் சொல்கிறவர்கள் வேறு. எண்ணெய் விற்கும் நாடுகளின் அமைச்சர்கள் எங்கோ ஒரு ஊரில் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, “இனிமேல் ஆளுக்கு இவ்வளவுதான் எடுப்பது” என்று முடிவு செய்வார்கள். சந்தைக்கு வரும் எண்ணெய் குறையும், விலை ஏறும். ஏறின விலையைப் பார்த்ததும் யாராவது ஒருவருக்கு நாக்கில் எச்சில் ஊறும். சொன்னதைவிட அதிகமாக எடுத்துக் கள்ளத்தனமாக விற்பார். மற்றவர்களுக்குத் தெரிந்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். “நீ மட்டும் சாப்பிட்டால் நாங்கள் பட்டினியா?” என்று எல்லோரும் குழாயைத் திறந்துவிடுவார்கள், விலை தலைகுப்புற விழும். பெரியவர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம், அவர்களுக்குத் தாங்கும். எங்களைப் போன்ற சின்ன நாடு, மூடு என்றால் மூடும், திற என்றால் திறக்கும்.

மூடு என்று சொல்லும் மாதங்களில் டேங்குகள் காலியாகும். அப்போதுதான் அடியில் படிந்த சகதியைச் சுரண்டி எடுக்க ஆட்கள் உள்ளே போவார்கள். பதினோரு வருடம் முன்னால் அப்படித்தான் ஏழாம் டேங்கைச் சுத்தம் செய்தோம். சுரண்டுகிறவர்களில் ஒருவன் மாமாவுக்கு உயிர்த் தோழன். அவன் பெயரே ‘சுரண்டி’. மாமாவின் டிபன் பாக்ஸிலிருந்து பாதியைத் தினமும் சுரண்டிவிடுவான் என்பது இன்னொரு காரணம்.

அன்று மத்தியானம் போன் வந்தது. மேசைக்காரர்களுக்குள் சண்டை முற்றிவிட்டது, எல்லோரும் திறக்கிறார்கள், கப்பல் ஒன்று எங்கள் வாசலில் நிற்கிறது, ஒரு மணி நேரத்தில் ஏழாம் டேங்க் தயாராக வேண்டும். நான் வாக்கி டாக்கியில் கத்தினேன். சகதி ஆட்கள் அவசர அவசரமாக வெளியே வந்தார்கள், ஆட்கள் நுழையும் அடிமூடியை மேஸ்திரி போல்ட் போட்டு இறுக்கினான். சுரண்டி தன் மரச் சுரண்டியை விட்டுவிட்டு வந்ததால் மறுபடி உள்ளே போயிருந்தான். தலைகளை யாரும் எண்ணவில்லை.

மாமா மூன்று தட்டுத் தட்டினார். உள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி டக்.

வெயிலில் காலி டேங்கின் தகடுகள் விரிந்து சத்தம் போடும். புதிதாக வந்தவன் பயந்து ஓடுவான். மாமாவுக்கோ எந்தச் சத்தம் கூரைத் தகடு, எது சுவர் என்பது வரைக்கும் அத்துப்படி. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ‘இது தகடு’ என்று முடிவு செய்தார். அப்போது வாக்கி டாக்கியில் நான், “சீக்கிரம் மாமா, கப்பல் காத்திட்டிருக்கு” என்றேன். அவர் திறந்தார்.

சாயங்காலம் வேன் கிளம்பும்போதுதான் சுரண்டியைக் காணோம் என்று தேடினார்கள்.

விசாரணையில், “தட்டினேன், பதில் வரல” என்று மாமா சொன்னார். குற்றம் யார் மேலும் இல்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். என்னிடம் மட்டும் ஒரு நாள், “சத்தம் வந்துச்சு மச்சான். அது அவனா, தகடான்னு எனக்குத் தெரியல” என்றார். சீக்கிரம் என்றவன் நான். தகடுதான் என்று அடித்துச் சொன்னேன். ஆனாலும் மனசுக்குள், இத்தனை வருடம் கேட்ட காதுக்கு மனுஷன் தட்டுவதும் இரும்பு விரிவதும் ஒன்றாகவா கேட்கும் என்று அவரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு செய்தியில் அந்த நீள மேசையைக் காட்டினால் போதும், மாமா கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றுவிடும். அமைச்சர்கள் கைகுலுக்கினால் டேங்க் காலியாகும், மத்தியானம் முழுக்க அது தட்டும். முறைத்துக்கொண்டால் இவர் போய்த் திறக்க வேண்டும். உலகத்துக்கு அது விலை. இவருக்கு அந்தச் சத்தம்.

அவர் ஓய்வுபெற ஒன்பது நாள் இருந்தபோது, கைகுலுக்கியிருந்த அமைச்சர்கள் மறுபடி முறைத்துக்கொண்டார்கள். ஏழாம் டேங்க் சுத்தமாகிக் காலியாக இருந்தது. அன்று கண்ட்ரோல் ரூமில் எனக்குப் பதிலாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாமா என்னை டேங்கடிக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு பழைய மரச் சுரண்டி. யாருடையது என்று நான் கேட்கவில்லை. உள்ளே இரும்பு எடுத்துப்போகக் கூடாது, பொறி பறக்கும். அன்றும் உள்ளே இருந்தது இந்த மரம்தான்.

“நான் உள்ள போறேன். அவன் கிடந்த இடத்துல நிக்கிறேன். நீ மூடியைப் போடு. மூணு தட்டு தட்டிட்டு நூறு எண்ணு.”

“பைத்தியமா மாமா உங்களுக்கு?”

“வால்வுப் பூட்டுச் சாவி இந்தா, நீயே வெச்சுக்க. ஒன்பது நாள்தான் இருக்கு. அப்புறம் எனக்குக் காலி டேங்க் கிடைக்காது.”

பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் குனிந்து உள்ளே போனார், நான் மூடியைத் தள்ளி இரண்டு போல்ட் முடுக்கினேன். ஸ்பானரால் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் காதைச் சுவரில் வைத்தேன். இரும்பு கன்னத்தைச் சுட்டது.

டக், டக். கொஞ்சம் நின்று, டக்.

எங்கே இருந்து வருகிறது என்று பிடிக்க முடியவில்லை. மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, எங்கேயோ தூரத்தில் இரண்டு. இருபது எண்ணினேன். அறுபது எண்ணினேன். வாக்கி டாக்கியில் அந்தப் பெண், “சார், ஏழு திறந்தாச்சா? கப்பல் நிக்குது, கொஞ்சம் சீக்கிரம்” என்றாள். நூறு எண்ணி முடித்தேன். தகடுதான். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் இருந்திருந்தால், அந்த நிமிஷமே சக்கரத்தைத் திருப்பியிருப்பேன்.

மூடியைத் திறந்தேன். மாமா தவழ்ந்து வெளியே வந்தார், வேர்வையில் குளித்திருந்தார்.

“என்ன கேட்டுச்சு?”

உண்மையைச் சொன்னாலே அவருக்கு நிம்மதி கிடைக்கும் என்று எனக்குச் சந்தோஷம். “தகடு சத்தம்தான் மாமா. வேற ஒண்ணுமே இல்ல. யாரா இருந்தாலும் திறந்திருப்பாங்க.”

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும்.”

அவர் மரச் சுரண்டியைக் காட்டினார். நுனி பிளந்து சிலாம்பு சிலாம்பாக நின்றது. உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

“நீ தட்டினதுலேர்ந்து நான் நிறுத்தவே இல்ல மச்சான். மூடி திறக்கிற வரைக்கும் அடிச்சிட்டேதான் இருந்தேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்தார். “அவனும் ரொம்ப நேரம் அடிச்சிருப்பான்” என்றார்.

வாக்கி டாக்கி மறுபடி, ஏழு திறந்தாச்சா என்று கேட்டது. சாவி என் பையில்தான் இருந்தது. கப்பல் சாயங்காலம் வரை நின்றது.