ஒரே கேட்டும் மூணு புத்தகமும்

பத்தொன்பது. இந்த நம்பரை மறந்துடாதீங்க. மதத்தை ஆராயுற துறையில அந்தப் படிவக்காரம்மா தற்காலிகமாவே வேலை பார்த்த வருஷக் கணக்கு அது.

தெருவுல போறவங்களை நிறுத்தி, "வாரத்துல எத்தனை தடவை கும்பிடப் போவீங்க?"ன்னு கேட்டு டிக் அடிக்கிறது அவங்க வேலை. அதை வெச்சுப் புத்தகம் போடுறது துறைத் தலைவர் வேலை.

முதல் புத்தகத்துக்கு அவங்களை மில் கேன்டீன்ல உக்கார வெச்சார். வழிபாட்டு நேரம். கும்பிடுறவங்க கும்பிடப் போயாச்சு, டீ குடிக்கிறவங்க மட்டும் மிச்சம். மதம் சாகுதுன்னு எழுதினார். விருது. ரெண்டாவதுக்கு மழைக்காலம். ஒதுங்க வசதியா வழிபாட்டுக் கூடத்து கேட்ல நிக்க வெச்சார். மதம் பொழைச்சுடுச்சுன்னு எழுதினார். அதுக்கும் விருது! மூணாவதுக்கும் அதே கேட்; ஆனா 'வீடு வீடாப் போய் எடுத்த கணக்கு'ன்னு புத்தகத்துல போட்டார். மனுஷன் கூடத்துக்குள்ள எட்டிப் பார்த்ததே இல்ல. கேட்டா, "ஆய்வாளன் தள்ளி நிக்கணும்"பார். எவ்வளவு தள்ளின்னா, ஏசி ரூம் வரைக்கும்.

மூணாவதைச் சோதிக்க வெளியிலேருந்து ஒரு குழு வந்துச்சு. தலைவர் படிவக்காரம்மாவைத் தனியாக் கூப்பிட்டார்.

"வீடு வீடாப் போனேன்னு சொல்லிடும்மா. உன்னை நிரந்தரமாக்குற கடிதம் டிராயர்ல ரெடி. கையெழுத்துதான் பாக்கி."

"ஒரு வாசப்படியும் மிதிக்கலையே சார்."

"அது ஆய்வு முறை. உனக்குப் புரியாது."

அவங்க வீட்டுக்காரர் இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கார். நிரந்தரமானா வைத்தியத்தை நிர்வாகம் பார்த்துக்கும். தலையாட்டிட்டு, குழு இருந்த ரூமுக்குள்ள போனாங்க.

குழுவுல ஒரு அம்மா கேட்டாங்க: "கதவைத் தட்டினா யாரும்மா திறந்தாங்க?"

அத்தனை வருஷமா கேள்வி கேட்டவங்களை யாருமே ஒரு கேள்வி கேட்டதில்ல. வாய் தானா உண்மையைக் கொட்டிடுச்சு.

"வாச்மேன்தாங்க. கேட்டைத் திறந்தாரு. நான் பார்த்த கதவு அது ஒண்ணுதான்."

வெளிய வந்ததும், கதவோரம் நின்னு கேட்டுட்டிருந்த தலைவர் சீறினார். "அந்தக் கடிதத்தை மறந்துடு!"

டைப்பிஸ்ட் பொண்ணு நிமிர்ந்து பார்த்துச்சு. "எந்தக் கடிதம்க்கா? டிராயர்ல இருக்கே, அதுவா? எனக்கும் ஒண்ணு இருக்குன்னாரே!"

"எனக்குந்தான்"னார் நூலகத்துக்காரர். மாடியிலேருந்து இன்னும் நாலு பேர் இறங்கி வந்தாங்க. அப்புறம் மொத்தத் தற்காலிகக் கூட்டமும் தலைவர் ரூமுக்குள்ள புகுந்து டிராயரைத் திறக்கச் சொல்லுச்சு. பக்கத்து ரூம்ல குழு இன்னும் கிளம்பல; இங்க பேசுறது அங்க கேக்கும். தலைவர் பேனா மூடியைக் கழட்டினார்.

பத்தொன்பது வருஷமா ஒண்ணுகூட வராத கையெழுத்து, அன்னைக்கு ஒரே மூச்சுல அவர் போட்டது: பதினாறு.