கிளச் இல்லாத காரும் நானும்

வண்டி ஓடாவிட்டால் மெக்கானிக்கைத் திட்டுவார்கள். அது எவ்வளவு சறுக்குகிறது என்று கணிக்கப் போனவனை, வண்டி ஓடினாலும் திட்டுவார்கள். பாதி தெரிந்த வேலையை முழுதும் தெரிந்த முகத்தோடு ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்ட அனுபவம் உள்ளவர்கள் மேலே படிக்கலாம். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஐம்பதுகளின் நடுவில் இலங்கை மலையகத்து ஹட்டனில், முதலாளி காசிம் நானாவின் கராஜில் லொறிகளுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை அமெரிக்கக் கார் ஒன்றை இறக்கியிருந்தார். அதில் கிளச் கிடையாது. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய ஒரு டிரம் இருந்தது. எஞ்சின் எண்ணெயைச் சுழற்றும், எண்ணெய் மறுபக்கத்தைச் சுழற்றும். எஞ்சின் போட்ட சுற்றில் கொஞ்சம் எண்ணெய்க்குள்ளேயே காணாமல் போகும். அதுதான் சறுக்கல். கொஞ்சம் போனால் இயல்பு. நிறையப் போனால் டிரம் முடிந்தது என்று அர்த்தம். மாற்று டிரம் கப்பலில்தான் வரவேண்டும்.

துரைமார் சேர்ந்து நுவரெலியாவில் கார்ப் பந்தயம் வைத்திருந்தார்கள். இரண்டிரண்டு கார்கள், நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர் ரோட்டில் கால் மைல். அதற்கு முன்னால் டிரம்மைக் கழற்றுவதா, விடுவதா என்று நான் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் என்னை பாஸ் ஆக்குவதாக நானா வாக்குக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் தேர்ந்த மெக்கானிக்குக்கு அதுதான் பட்டம். துரையின் டிரைவர் மாணிக்கமோ, நான் பெண் கேட்டதற்கு, தன் மகள் பார்வதியை ஒரு பாஸுக்குத்தான் கொடுப்பேன், கிரீஸ் அடிக்கிறவனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஆகவே என் கல்யாணமும் அந்த டிரம்முக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

இல்லாத பெடல்

முதல் நாள் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்தில் துரை, பின்னால் மாணிக்கம். கொஞ்ச தூரம் போனதும், லொறிப் பழக்கத்தில் என் இடது கால் தானாகக் கிளச்சைத் தேடியது. கிடைத்தது அகலமான பிரேக் பெடல். நன்றாக மிதித்தேன்.

துரையின் தொப்பி கண்ணாடியில் போய் மோதியது. மாணிக்கம் பின்சீட்டிலிருந்து என் கழுத்துக்கு வந்து சேர்ந்தார். வருங்கால மாமனாரை இவ்வளவு சீக்கிரம் கட்டித்தழுவுவேன் என்று நான் நினைக்கவில்லை. அவர் மெதுவாக விலகி உட்கார்ந்து சொன்னார்: "இதுல கிளச்சு இல்லன்னு தோட்டத்து லயத்துப் புள்ளைங்களுக்கே தெரியும் தம்பி. பாக்க வந்த ஒங்களுக்கு யாரும் சொல்லலிங்களா?"

எஞ்சினை மிஞ்சிய கார்

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. டயரில் சோக் கட்டியால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி, தரையில் எவ்வளவு நீளம் என்று அளந்துகொள்ள வேண்டும். எஞ்சின் எத்தனை சுற்றினால் சில்லு ஒரு சுற்று சுற்றும் என்று பார்க்கவேண்டும். துரை டாஷ்போர்டில் சுற்றுக் காட்டும் மீட்டர் ஒன்று பூட்டியிருந்தார். சறுக்கலே இல்லாவிட்டால் கார் என்ன வேகத்தில் போகவேண்டும் என்பது அதிலிருந்து வந்துவிடும். உண்மையில் போன வேகத்தை மைல்கற்களுக்கு நடுவே கடிகாரம் பிடித்துப் பார்த்தால், குறைகிறதுதான் சறுக்கல்.

ஓடிப் பார்த்துக் கணக்குப் போட்டேன். குறையவே இல்லை, கூடியிருந்தது. மூன்று தடவை போட்டும் அதே விடை. எஞ்சின் தள்ளுவதைவிட கார் வேகமாகப் போகிறது என்று பெருமையோடு நானாவிடம் போய்ச் சொன்னேன். நான் அளந்தது முழுக்க இறக்கம். பள்ளத்தில் கார் தன் பாரத்தில் உருண்டு எஞ்சினையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மேடோ பள்ளமோ இல்லாத ரோட்டையே பார்க்காமல் வளர்ந்தவனுக்கு அது எப்படித் தோன்றும்? நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப எஞ்சினக் கழட்டி வெச்சிட்டு ஓட்டச் சொல்லுவமா, ராமையா?"

சங்கிலி வைத்தியம்

ரோடே வேண்டாம், காரை நிற்கவைத்தே பார்த்துவிடலாம் என்று அடுத்த யோசனை. கார் நகராமல் பிடித்துக்கொண்டு முழு வேகம் கொடுத்தால், எஞ்சின் ஒரு அளவுக்கு மேல் சுற்றக்கூடாது. மேலே ஏறினால் டிரம் கெட்டுவிட்டது. பிரேக்கை நம்பாமல், காரைச் சங்கிலியால் கராஜுக்குப் பின்னாலிருந்த பலாமரத்தில் கட்டினேன். மரம் எங்கேயும் போகாது பாருங்கள்.

மிதித்தேன். மீட்டர் முள் ஏறிக்கொண்டே போனது. டிரம் போச்சு, கல்யாணமும் போச்சு என்று இறங்கினேன். பின்னால் பார்த்தால், வருடக்கணக்காக நானே கிரீஸ் சிந்தி வளர்த்த தரையில் பின்சில்லு இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி இறைத்திருக்கிறது. ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்டு நின்ற நானாவின் வெள்ளைச் சாரம் இடுப்பு வரைக்கும் கறுப்பு. சறுக்கியது டிரம் இல்லை, தரை. நானா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எஞ்சின்ட சுத்து சில்லு வரைக்கும் வந்து, என்ட சாரம் வரைக்கும் வந்திட்டுது. ஒன்ட மண்டைக்கு மட்டும்தான் வரல்ல."

கால் மைல்

கடைசியில் நுவரெலியாவுக்கே போய், பந்தயம் நடக்கப்போகிற அந்தச் சமமான ரோட்டில் போக வர ஓடி அளந்தேன். இந்த முறை எல்லா விடையும் ஒன்றுபோல வந்தது. சறுக்கல் கொஞ்சம்தான். டிரம்மில் கைவைக்க வேண்டாம் என்றேன்.

பந்தயத்தில் துரை தோற்றார். கொடி இறங்கியதும் பக்கத்துச் சின்னக் கார் பாய்ந்துவிட்டது. துரை கொடியைப் பார்த்தார், பக்கத்துக் காரைப் பார்த்தார், பிறகுதான் மிதித்தார். கூட்டாளித் துரைமார் சிரிக்க, என்னைக் கூப்பிட்டு, "டிரம் சறுக்குது, அதானே ராமையா?" என்றார். ஆமாம் என்று சொல் என்று நானா பின்னாலிருந்து தலையை ஆட்டினார். ஆமாம் என்றால் துரைக்கு மானம் மிஞ்சும், கராஜுக்கு வேலை மிஞ்சும். எனக்கோ வாழ்க்கையில் சரியாக வந்த ஒரே கணக்கு அது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், வெறும் கர்வம். "இல்லீங்க தொரை, டிரம் நல்லாத்தான் இருக்கு. கொடி எறங்குனப்பறம் ஒங்க காலு எறங்கத்தான் நேரமாயிருச்சுங்க" என்றேன். சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. துரை என்னைப் பார்க்கவே இல்லை. "மாணிக்கம், காரை எடு. இனிமே கொழும்பு கராஜ்."

மாணிக்கம் வந்தார்

துரையோடு மற்றத் தோட்டத்து வண்டிகளும் போய்விட்டன. நானா பாஸ் என்ற பேச்சையே எடுக்காமல் கிரீஸ் பம்பை என் கையில் கொடுத்தார். அதை நான் எதிர்பார்த்தேன். பார்வதி இருந்த பக்கமே நான் போகவில்லை. ஒரு நாள் மாணிக்கம் கராஜ் வாசலில் வந்து நின்றார். பெண் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, லொறிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். கொழும்பில் டிரம்மைத் திறந்து பார்த்தார்களாம், ஒரு குறையும் இல்லையாம், அப்படியே மூடிவிட்டார்களாம். வெளியே வரச் சொன்னார். எழுந்து நின்றேன், முழங்கை வரைக்கும் கிரீஸ். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தொரை மொகத்துக்கு நேரா பொய் சொல்லாதவன், எம்மககிட்டயும் சொல்ல மாட்டான். கிரீஸு சவுக்காரம் போட்டா போயிரும், தேதி பாருங்க மாப்ள."

ஆக, தப்புத் தப்பாகக் கணித்த நாளெல்லாம் பாஸ் ஆகப்போகிறவனாக இருந்தேன், சரியாகக் கணித்த ஒரே நாளில் ஆயுளுக்கும் கிரீஸ்காரனாகவும் மாணிக்கத்தின் மருமகனாகவும் ஆகிவிட்டேன், அதற்குப் பிறகு எதையும் சரியாகக் கணித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.