அம்மாவுக்குப் பிடித்த படங்களும் பிடிக்காத படங்களும்

எங்கள் அம்மா கர்த்தருடைய சமுகத்துக்குச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி கேட்டுக்கொண்டான். அம்மாவை அறிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அவருடைய ஜெபத்தைச் சொல்வார்கள், உழைப்பைச் சொல்வார்கள், மீன் குழம்பைச் சொல்வார்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், "அந்தப் படத்தைப் பத்தி உங்க அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றுதான் தொடங்குவார்கள். ஆகவே நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். தாத்தா ரயில்வே ஊழியர். மெதடிஸ்ட் சபையிலும் பொறுப்பில் இருந்தவர். அந்த வீட்டில் சினிமா பாவம். கொட்டகையைக் கடக்கும்போது பிள்ளைகள் சாலையின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். "கண்ணைத்தான் திருப்பச் சொன்னாங்க, காதைத் திருப்பச் சொல்லலையே" என்று அம்மா பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், அப்பா அவரைப் படத்துக்கு அழைத்துப் போனார். "தப்பில்லையா?" என்று வாசலிலேயே அம்மா தயங்கி நின்றார். "பார்த்துட்டு நீயே சொல்லு" என்றார் அப்பா.

விளக்குகள் அணைந்து திரையில் முதல் முகம் தோன்றியதும் அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டதாம். கதை இன்னும் தொடங்கக்கூட இல்லை. ஒரு மனித முகம் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. வீடு திரும்பிக் கதவைத் திறக்கும்போதுதான் சொன்னாராம்: "அந்த அண்ணன்காரன் மன்னிச்சிருக்கக் கூடாது. அவ்வளவு சீக்கிரம் யாரும் மன்னிக்க மாட்டாங்க." அதுதான் அம்மாவின் முதல் விமர்சனம். அன்று முதல் எந்தப் படம் பார்த்தாலும் அப்பா அவரிடம் கருத்துக் கேட்பார். அதுவரை அம்மாவிடம் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை.

நாங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது துறைமுகத்தில் நடந்த விபத்தில் அப்பா இறந்தார். செய்தி சொல்ல உடன் வேலை பார்த்த இருவர் வந்தார்கள். அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் சொல்லி முடித்ததும், "உட்காருங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அடுப்படிக்குப் போய் மீதி மீனையும் திருப்பிப் போட்டுப் பொரித்து எடுத்தார். அடக்க ஆராதனையிலும் அம்மா அழவில்லை. "கல் நெஞ்சுக்காரி" என்று சிலர் பேசியது அவர் காதிலும் விழுந்தது. அடுத்த மாதமே கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நின்றுகொண்டே செய்கிற வேலை. எங்கள் இருவரையும் அந்த வேலையில்தான் படிக்க வைத்தார்.

சில வருடங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டார்கள். பக்கத்து வீட்டு மலாய் அத்தை, நாங்கள் மாக்சிக் என்று அழைக்கும் ரொஹானியும் எங்களுடன் உட்கார்ந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர்; நம்மைப் போலவே தமிழ் பேசுவார். படத்தில் ஒரு படகோட்டியின் மனைவி முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கணவன் ஆற்றோடு போய்விட்டான் என்று வந்து சொல்கிறார்கள். அவள் அலறவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருக்கிறாள். இசை இல்லை. முறம் முழுவதையும் பொறுக்கி முடிக்கிறாள்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இப்படித்தான். ரொஹானி, நானும் இப்படித்தான் இருந்தேன். இதை எடுத்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சது? எங்க அடுப்படிக்கு வந்து பார்த்தானா?"

பிறகு அம்மா அழுதார். அப்பாவுக்காக அவர் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான். மாக்சிக் அவரை அணைத்துக்கொண்டார். கடல் கடந்த ஒரு நாட்டில், அம்மாவுக்குக் கல்யாணமே ஆகாத காலத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவர், எங்கள் வீட்டில் பின்னால் நடக்கப்போவதை அறிந்து வைத்திருந்ததைப் போல் எடுத்திருந்தார். அந்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. அம்மாவுக்கும் கடைசி வரை அடங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா படம் பார்க்கும் விதமே மாறியது. இது உண்மையா, பொய்யா என்று மட்டும் கேட்பார். பழைய படங்களைப் பற்றிச் சொல்வார்: "ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் கேமரா காத்திருக்கும். மரியாதை தெரிஞ்ச கேமரா." அதற்காகப் பழையதையெல்லாம் தூக்கி வைத்துப் பேசியதும் இல்லை. "அப்பல்லாம் பொம்பளைங்க அழுறதுக்குன்னே படத்துல வருவாங்க. இப்பதான் வேலைக்குப் போயிட்டுக் களைச்சு வராங்க. இது நல்லாருக்கு." மாக்சிக்கோடு கொரியத் தொடர்களும் பார்ப்பார். "அழும்போது மூக்கு சிவக்குது பாரு, அது நல்ல அழுகை" என்பார். நம் நாட்டுப் பிள்ளைகள் எடுத்த படமொன்றைப் பார்த்துவிட்டு, "சத்தம் சரியில்லை, கதை நொண்டுது. ஆனா அந்தப் பையன் நம்ம கிள்ளான் பேச்சுப் பேசுறான்பா!" என்று சபை முழுக்கச் சொல்லி ஆட்களை அனுப்பினார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது; பேச்சும் போனது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் கோப்பை, கரண்டி, பூனை என்று அட்டைகளைக் காட்டுவார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவ்வளவு பேசியவர் ஒரு வார்த்தையும் இல்லாமல் படுத்திருந்ததைப் பார்க்க எங்களால் முடியவில்லை. மாக்சிக் மட்டும் தினமும் மாலையில் வந்து, கைப்பேசியைத் தலையணைமேல் சாய்த்து வைத்து ஏதாவது ஒரு புதிய தொடரைப் போடுவார்.

ஒரு நாள் ஒரு போலீஸ் கதை ஓடிக்கொண்டிருந்தது. மகன் இறந்த செய்தி கேட்ட தாய், வயலின்கள் முழங்க, நீளமாக வசனம் பேசினாள். அம்மாவின் உதடு கோணியது.

"பொ… பொய்."

அடுப்படியில் இருந்த எனக்கு மாக்சிக்கின் அலறல்தான் கேட்டது. "பேசிட்டாங்க லா! உங்க அம்மா பேசிட்டாங்க! ஓடி வா!"

தம்பிக்குப் போன் செய்தோம். அவன் நம்பவில்லை. அம்மாவின் வாயருகே கைப்பேசியைப் பிடித்தேன். அம்மா இன்னொரு முறை சொன்னார், முன்னைவிடக் கோபமாக.

அடுத்த வாரம் இதைக் கேட்ட பயிற்சிப் பெண் சிரித்துக்கொண்டே அட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டார். "சரி ஆன்டி, நேத்து என்ன பார்த்தீங்க? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நீளம். பாட்டு வேணாம். நல்ல பொண்ணு. இப்படித்தான் அம்மாவின் தமிழ் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. வருடக் கடைசியில் எங்களோடு சண்டை போடும் அளவுக்குப் பேசினார்.

அதற்குப் பின் இதயம் பலவீனமாகி, சென்ற ஆண்டு படுக்கையில் விழுந்தார். அப்போது அவர் பார்த்தது மலைக் கிராமத்துக்கு மாற்றலாகி வரும் ஒரு நர்ஸைப் பற்றிய தொடர். அதைப் பற்றி அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "பேசாதே. பார்க்கிறேன்" என்றார். அவர் முகத்தில் ஒளி இருந்தது. கடைசிப் பகுதி மட்டும் மிச்சமிருந்தபோது மூச்சு வாங்கத் தொடங்கியது. "வேகமா ஓட்டிக் காட்டவாம்மா?" என்று தம்பி கேட்டான். "வேணாம்டா. அவசரப்பட்டா கெட்டுப்போயிடும்." மறுநாள் காலை அமைதியாகப் போய்விட்டார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், பொறுமையோடு பேச வைத்த அந்தப் பயிற்சிப் பெண், வீடு தேடி வந்து ஜெபித்த போதகர், சபையார், சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டார், தொலைவிலிருந்து வந்து எங்களோடு நின்ற உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. மாக்சிக் ரொஹானிக்கு நன்றி என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். அதனால் எழுதவில்லை.

அந்தக் கடைசிப் பகுதியை எங்களில் யாரும் இன்னும் பார்க்கவில்லை. நினைவு ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். சாப்பிட்ட பிறகு அதைப் போடப்போகிறோம். மரியாதைக்காக யாரும் புகழக் கூடாது என்று மாக்சிக் இப்போதே சொல்லிவிட்டார்: "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லணும் லா. அவங்க வீடு இது."