காபனைக் கைது செய்த கொட்டாஞ்சேனை

பத்திரிகையில் அந்த அறிவித்தலைப் பார்த்துத் தனியே சிரித்துவிட்டேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பல்கலைக்கழக வளாகம், தன் கொதிகலன் புகையைக் குறைப்பது பற்றி அயலவரோடு கதைக்க அழைத்திருந்தது. தலைப்பு, ‘காபன் கைதும் தடுத்துவைப்பும்’. ‘பிடித்துச் சேமித்தல்’ என்று வரவேண்டியதை யாரோ அப்படி மொழிபெயர்த்துவிட்டார்கள். என் கணவர் இருந்திருந்தால் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அவர் போய் இரண்டு வருடம். மகளுக்குச் சொல்லலாமென்றால் கனடாவில் அவள் தூங்கும் நேரம். போன சனிக்கிழமை நானே புறப்பட்டேன்.

வெள்ளவத்தையில் காலை 8.40க்கு ரயில், கோட்டைக்கு இருபது நிமிடம். கடல் பக்கம் இடம் கிடைத்தது. அவருக்கு இடம் பிடிக்கும் பழக்கத்தில் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்திருந்தேன். பம்பலப்பிட்டியில் ஏறியவர் “ஆள் வருதா?” என்று கேட்டபோதுதான் எடுத்தேன்.

கோட்டையிலிருந்து ஓட்டோவில் மூன்று கிலோமீற்றர், 400 ரூபா.

“என்ன கூட்டம் அன்ரி?” என்றார் சாரதி.

“கைது பற்றி.”

“ஐயோ, யார புடிச்சாங்க?”

“காபனை.”

“எந்த ஏரியா ஆள்?”

“எல்லா ஏரியாவும்தான் தம்பி.”

கண்ணாடியில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மண்டபத்தில் பக்கத்தில் இருந்தவர் றீட்டா. வளாகத்தின் பின்மதிலை ஒட்டியது அவர் வீடு. நான் இரசாயனம் படிப்பித்தவள் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். “புடிச்சத எங்க வீட்டுக்கு அடியிலதான் வைக்கப் போறாங்களாம், டீச்சர். மகன் வித்துட்டு வத்தளைக்கு வந்துருங்கன்னு நிக்கிறான். கல்யாணம் முடிச்சி வந்த வீடு.”

“நேரே எழும்பிக் கேளுங்கோ, பிள்ளை,” என்றேன்.

கேட்டார். மேடையிலிருந்த பொறியியலாளர் பொறுமையாகவே பதில் சொன்னார். நிலத்தடியில் அடைக்க, மிக ஆழத்தில் ஏற்ற பாறை வேண்டும். இங்கே அந்த யோசனையே இல்லை. கொதிகலன் புகையை ஒரு கரைசலுக்குள் செலுத்திக் காபன் வாயுவைப் பிரிப்பார்கள். அதைச் சீமெந்துக் கல் வார்க்கும்போது உள்ளே செலுத்தினால் அங்கேயே இறுகிவிடும். ஆனால் பிடிப்பதற்கே நிறைய மின்சாரம் வேண்டும் என்பதால், முதலில் கூரையில் சூரியப் பலகை; எரிப்பதைக் குறைத்துவிட்டு மிச்சத்தைத்தான் பிடிப்பார்கள்.

“விளங்கேல்லயோ?” என்றேன் றீட்டாவிடம். “சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள குழாயால ஊதினால் பாலாகும். கொஞ்ச நேரத்தில அடியில வெள்ளையாப் படியும். அது எங்கட மூச்சுக் காத்து கல்லானது. இதுவும் அப்பிடித்தான்.”

“அப்ப காபனுக்குப் பிணையே இல்ல, ஆயுள் தண்டனை!”

இருவரும் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. றீட்டா அங்கேயே மகனுக்கு அழைத்து, “வீடு விக்கிறதா இல்லடா,” என்று அறுத்துச் சொன்னார். பிறகு சமைக்க ஓடிவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும், “ஆயுள் தண்டனையாம்,” என்று வாய்விட்டுச் சொன்னேன். காலையில் நிறுத்த மறந்த மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்படியான கூட்டங்களுக்கு யாரும் போய்க் கேள்வி கேட்கலாம். தமிழிலும் பதில் சொல்கிறார்கள். ஓட்டோவில் ஏறுமுன் மீற்றர் போடச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். ரயிலில் கடல் பக்கமாக இரண்டு இருக்கை பிடியுங்கள்.