கம்பத்தில் ஏறிய முறிவெண்ணெய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு மாடி அறையில் பதினைந்து பெண்கள் பார்க்க நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பயப்படாதீர்கள், ஆசைப்பட்டுத்தான் தொங்கினேன்.

போல் டான்ஸ் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும், சினிமாவில் வரும் பார் ஆட்டம்தான். என் வீட்டுக்காரருக்கும் அதேதான் வந்தது. "ஏனுங்க, நீங்க நெனைக்கறது இல்லீங்க. சர்க்கஸ்ல கம்பம் ஏறுவாங்கல்ல, அந்த மாதிரி ஒடம்புப் பயிற்சி" என்று புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. தரைக்கும் கூரைக்கும் நடுவே நிறுத்திய ஸ்டீல் கம்பத்தைப் பிடித்து ஏற வேண்டும், சுற்ற வேண்டும், கால் முட்டியை மடக்கிக் கம்பத்தில் கொக்கி போட்டுத் தொங்க வேண்டும். தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கி வந்த தோள்வலிக்காகத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவள் பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்த பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெங்களூரில் வேலை பார்த்தபோது இதைக் கற்றுக்கொண்டு, கல்யாணமாகி இங்கே வந்ததும் வகுப்பு தொடங்கியிருந்தாள்.

முதல் நாள் கம்பத்தைப் பிடித்துத் தொங்கினேன். மூன்று எண்ணுவதற்குள் தரையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கியது. மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அன்று முதல் வீட்டில் போர்வை, பெட்ஷீட் எல்லாம் நான்தான் கையால் பிழிந்தேன். இருபது லிட்டர் தண்ணீர் கேனின் கழுத்தை விரல்களால் கவ்வித் தூக்கி, சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். மூன்றாம் மாதம் இருபது எண்ணும்வரை தொங்கினேன். ஐந்தாம் மாதம் கூரையைத் தொட்டேன். தொழிற்சாலையில் திறக்க முடியாத டிரம் மூடி ஏதாவது இருந்தால் ஆண்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். நானும் கொஞ்சம் அலட்டிக்கொண்டுதான் திறந்து கொடுப்பேன்.

டீச்சர் போட்ட கண்டிப்பான சட்டம் ஒன்றே ஒன்றுதான். வகுப்புக்கு முந்தின நாளிலிருந்தே உடம்பில் எண்ணெயோ கிரீமோ படக் கூடாது. கம்பத்தைப் பிடித்துக்கொள்வது வெறும் தோல்தான். அதனால்தான் அரைக்கால் டிரவுசர் போட்டு ஏறுகிறோம். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டாத எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய சோதனை. நான் வார எண்ணெய்க் குளியலையே வேறு நாளுக்கு மாற்றிவிட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, மாடியில் ஏதோ அசிங்கமான ஆட்டம் நடக்கிறது, யாராவது கழுத்தை ஒடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று யாரோ கட்டட உரிமையாளரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். கட்டடம் பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் குடும்பத்துடையது. அந்த வீட்டம்மா டீச்சரிடம் கோபமாக எதுவும் பேசவில்லை. "ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறேன். எனக்குச் சரின்னு படலேன்னா மாசக் கடைசியில சாவியைக் குடுத்துடும்மா" என்றார். கம்பம் நிறுத்த உயரமும் உறுதியும் உள்ள கூரை வேறு எங்கும் கிடைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம் போல் டான்ஸ் என்றதும் கதவைச் சாத்தியிருந்தார்கள். இந்த இடமும் போனால் வகுப்பு அவ்வளவுதான். டீச்சர் இரண்டு நாளாகச் சாப்பிடக்கூட இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூப்பிட்டு நாங்கள் கற்றதைச் செய்து காட்டலாம் என்று முடிவானது. "யக்கா, நீங்கதான் மொதல்ல ஏறணும். உங்க பிடி வழுக்காது" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். முட்டிக்குப் பின்னாலும் தொடையிலும் நீலநீலமாகக் கன்றிப் போயிருந்தது. கம்பம் ஏறுகிற எல்லோருக்கும் இது உண்டு. ஆனால் ராவுத்தர் வீட்டம்மா இதைப் பார்த்தால், இங்கே பெண்கள் அடிபட்டுச் சாகிறார்கள் என்றல்லவா நினைப்பார்? உடனே அலமாரியிலிருந்து முறிவெண்ணெய்க் குப்பியை எடுத்தேன். எங்கள் ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. பிள்ளை விழுந்தாலும் அதுதான், பெரியவர்களுக்குச் சுளுக்கினாலும் அதுதான். நன்றாகச் சூடு பறக்கத் தேய்த்தேன். பெயரிலேயே எண்ணெய் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. அது மருந்து, அவ்வளவுதான். காலையில் சோப்புப் போட்டு வெந்நீரில் குளித்துவிட்டு, காயங்கள் கொஞ்சம் மங்கியிருந்த சந்தோஷத்தில் கிளம்பினேன்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு, பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ராவுத்தர் வீட்டம்மா முன்வரிசையில். நான் ஏறினேன், சுற்றினேன். உள்ளங்கைகளில் வியர்வையை உறிஞ்சும் பவுடர் பூசியிருந்ததால் கைப்பிடி இரும்பாக இருந்தது. மேலே போய் வலது முட்டியைக் கொக்கி போட்டு, உடம்பைத் தலைகீழாகச் சாய்த்து, இரண்டு கைகளையும் விட்டேன். கீழே யாரோ "அம்மாடி!" என்றார்கள். பெருமையாகச் சிரித்துவைத்தேன்.

அப்போதுதான் முட்டிக்குப் பின்னால் வியர்த்தது. ராத்திரி தோலுக்குள் போன எண்ணெய் வியர்வையோடு வெளியே வந்தது. கால் நழுவியது. தரை தலையை நோக்கி வந்தது. யோசிக்க நேரமில்லை, கைகள் தாமாகப் போய்க் கம்பத்தைக் கவ்விக்கொண்டன. எட்டு மாதம் பிழிந்த பெட்ஷீட்டெல்லாம் அந்த ஒரு நொடியில் உதவிக்கு வந்தது. ஒரு கஜ தூரம் சறுக்கியபின் பிடி நின்றது. அப்படியே இறங்கி, கம்பத்தடியில் போட்டிருந்த மெத்தையில் தோளை வைத்து உருண்டு எழுந்து நின்றேன்.

அறை அதிர்ந்தது. எல்லோரும் அதை வித்தை என்றே நினைத்துவிட்டார்கள்! ராவுத்தர் வீட்டம்மா முகம் மலர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் மட்டும் என்னையே பார்த்தாள், ஆனால் அவளும் பிடி தவறியது என்றுதான் நினைத்திருக்க வேண்டும். வழக்கம்போல உலர்ந்த துணியால் கம்பத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அடுத்தவர் ஒரு அங்கன்வாடி டீச்சர். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கைப்பிடி இன்னும் வரவில்லை, தொடையை நம்பித்தான் ஏறுவார். உலர்ந்த துணிக்கு எண்ணெய் போகாது, பரவத்தான் செய்யும். சொன்னால் வகுப்பு போய்விடும், கைதட்டலோடு விட்டுவிட்டால் வகுப்பு பிழைத்துவிடும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது உண்மைதான், பொய் சொல்ல மாட்டேன். அதற்குள் அவர் கம்பத்தில் கை வைத்துவிட்டார்.

"ஏறாதீங்க!" என்று கத்திவிட்டேன். "கம்பத்துல எண்ணெ இருக்குதுங்க. நான் வித்தை காட்டலீங்க, வழுக்கி விழப் பாத்தனுங்க."

கைதட்டல் பட்டென்று நின்றது. டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "யக்கா, என்னத்தத் தடவிட்டு வந்தீங்க?" என்றாள். சொன்னேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் கம்பத்துக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

டீச்சர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். தெளிவாகச் சொன்னாள்: "ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு, நான் ஏறிப் பாக்காம யாரும் இதுல ஏற மாட்டாங்க. நேரமாகும். இருக்கவங்க இருங்க, போறவங்க போகலாம்." முன்வரிசையையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

இரண்டு பேர் எழுந்து போனார்கள். ராவுத்தர் வீட்டம்மா எழுந்தார். போகிறார் என்று நினைத்தேன். கம்பத்தருகே வந்து விரலால் தடவி, மோந்து பார்த்தார். "முறிவெண்ணெயேதான்" என்றார். பிறகு என்னிடம், "ஏம்மா, நீ சொல்லாட்டி யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டார்.

"அடுத்து ஏறறவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க, விழுந்ததுக்கப்புறம்" என்றேன்.

அவர் திரும்பிப் போய்த் தன் இடத்திலேயே உட்கார்ந்தார். கம்பத்தை மேலிருந்து கீழ்வரை நான்தான் துடைத்தேன், மூன்று தடவை. பிறகு டீச்சர் ஏறி, நான் தவறவிட்ட அதே தொங்கலைத் தொங்கிக் காட்டினாள். அங்கன்வாடி டீச்சர் பாதிவரை ஏறிப் பத்திரமாக இறங்கினார். எல்லாம் முடியும்வரை ராவுத்தர் வீட்டம்மா அசையவில்லை.

படியிறங்கும்போது டீச்சரிடம் சொன்னார்: "மாடி ஒங்கிட்டயே இருக்கட்டும்மா. பொண்ணுங்க உயிரு ஒனக்குப் பெருசாத் தெரியுது, எனக்கு அது போதும். ஆனா அந்த எண்ணெக்காரிய மட்டும் வாசல்லயே மோந்து பாத்து உள்ள விடு." டீச்சர் அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

வகுப்பில் என் பெயர் இன்றுவரை எண்ணெய்க்காரிதான், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என் பிடி முன்பைவிட உறுதி, இப்போது இடது முட்டியிலும் தொங்குகிறேன். வாயை மூடிக்கொண்டு அந்தக் கைதட்டலை வாங்கியிருந்தால் அங்கன்வாடி டீச்சரின் கழுத்து என்னாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. நல்லவேளை சொல்லிவிட்டோம் என்று நினைத்த பிறகுதான் பவுடரைப் பூசிக்கொண்டு கம்பத்தைப் பிடிக்கிறேன்.